கடையில் நின்றவளும் வகுப்பில்தான் இருந்தாள்

என் அருமை வசந்தா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு எழுதத் தோன்றவில்லை, அழுவதற்கே நேரம் சரியாக இருந்தது. இன்றைக்குக் கோபத்தில் எழுதுகிறேன். உன் கல்லூரி என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்கிறது.

எல்லாம் உன் பௌர்ணமி வகுப்பால் வந்தது. பௌர்ணமியன்றும் மறுநாளும் கிரிவலப் பாதையில் கடை போடுகிற வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரால் கல்லூரிக்கு வர முடியாது. காலையில் நீ எடுத்த பொருளாதாரப் பாடத்தையே மதியம் மூன்று மணிக்கு அடி அண்ணாமலையில், உன் மாணவி மல்லிகாவின் இளநீர்க் கடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மறுபடி எடுப்பாய். பதிவேட்டில் அவர்கள் வந்ததாகவே போடுவாய். பழைய முதல்வர் வாயால் சரி என்றார், நீ அதை எழுதி வாங்கவில்லை. ஒரு கமா விட்டுப்போனாலும் பேப்பரைத் திருப்பித் தருகிறவள், இதில் மட்டும் எப்படியடி கோட்டை விட்டாய்?

பழையவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். உன் துறையிலேயே ஒருவர், கிரிவலம் சுற்றும்போது மல்லிகாவிடம் இளநீர் குடித்தாராம். அந்த நாளுக்குப் பதிவேட்டில் அவள் வகுப்பில் இருந்ததாக இருக்கிறதே என்று இப்போது புகார் கொடுத்திருக்கிறார். நின்று இளநீர் குடித்தவர் கடைக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

போன வாரம் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். உன் நாற்காலியும் போர்டும் தூக்கி வந்தவன் நான்தானே.

"அந்தப் பொண்ணு கடையில இருந்துச்சா, இல்லையா?" என்று புதிய முதல்வர் கேட்டார்.

"இருந்துச்சுங்க. கிளாஸும் அங்கதாங்க நடந்துச்சு."

"இளநீர் வெட்டிக்கினே பாடம் கேக்குமா?" என்று புகார் கொடுத்தவர் சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "முப்பது வருஷம் ஓடற பஸ்ல நின்னுக்கினு டிக்கெட் குடுத்தவன் நானுங்க. எந்த சீட்ல யாரு என்னா பேசறாங்கனு எனக்குக் கேக்கும். நின்னுக்கினு வேலை செய்யறவங்களுக்குக் காது இல்லனு யாருங்க சொன்னது?"

என் பாக்கெட் நோட்டை நீட்டினேன். கண்டக்டர் பழக்கம், ஒவ்வொரு வகுப்புக்கும் தலை எண்ணித் தேதியோடு குறித்து வைத்திருந்தேன். யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் முதல்வர் ஒரு தாளைத் தள்ளினார். 'நோயின் காரணமாக என் மனைவிக்கு ஞாபகக் குழப்பம் இருந்தது, தவறுதலாக வருகை பதிவு செய்துவிட்டார்' என்று டைப் அடித்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் பிள்ளைகளை மன்னித்துப் பரீட்சை எழுத விடுவார்களாம். இல்லையென்றால் எட்டுப் பேருக்கும் ஹால் டிக்கெட் கிடையாதாம்.

நடக்க முடியாத கடைசி மாதத்தில்கூட, எட்டுப் பேரையும் இனிஷியலோடு கூப்பிட்டாயே. உனக்கா குழப்பம்?

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நின்றபடியே நீ விடைத்தாள் திருத்திக்கொண்டு வந்த காலம் ஞாபகம் வருகிறது. விடைத்தாள் கட்டை என் சீட்டில் வைக்கச் சொன்னேன். அதுதான் நமக்கு ஆரம்பம். 'புரொபசருக்குப் போயும் போயும் கண்டக்டரா' என்று உன் வீட்டார் கேட்டபோது, "ஆமா, கண்டக்டர்தான். இப்ப அதுக்கு இன்னா?" என்றாய். நான் ஷிப்ட் முடிந்து வந்ததும், "இன்னைக்கு எத்தனை தலை? எந்த ஊர்ல ஜாஸ்தி ஏறுனாங்க?" என்று கேட்டுத்தான் தட்டு வைப்பாய். முனைவர் பட்ட ஆய்வையே பஸ்ஸில் வேலைக்கு வருகிற பெண்களைப் பற்றித்தான் செய்தாய். நின்று வேலை செய்கிறவர்களை நீ ஒருநாளும் கம்மியாக நினைத்ததில்லை.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேனாவையும் எடுத்தேன். எட்டுப் பிள்ளைகளின் படிப்பு, என்ன செய்வேன்?

நேற்று பௌர்ணமி. தாளோடு அடி அண்ணாமலை போனேன். அவர்களையே கேட்டுவிடலாம் என்று. படித்துக் காட்டியதும் மல்லிகா கத்தியைக் கீழே வைத்தாள்.

"மேடத்துக்கு ஞாபகம் தப்பிடுச்சுனு எழுதிக் குடுத்துத்தான் நான் பரீட்சை எழுதணுமா? வேணாங்க சார். கையெழுத்து கேட்டா நாங்க எட்டுப் பேரும் போடறோம், கிளாஸ் நடந்துச்சுனு."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பிறகு யாரும் உடனே கடைக்குத் திரும்பவில்லை. உன் நாற்காலியைப் போட்டு, அதைக் காலியாக விட்டு, கீழே உட்கார்ந்தார்கள். ஒரு பையன் உன் நோட்ஸை வாசித்தான். கூட்டம் ஏறினால் விலை ஏன் ஏறுகிறது என்று அவன் கேட்க, அதற்குள் இளநீர் வெட்டப் போயிருந்த மல்லிகா திரும்பாமலே பதில் சொன்னாள். எனக்கு உன் குரல் கேட்டது போலத்தான் இருந்தது, வசந்தா. அழுதேன். அழுதுகொண்டே எண்ணினேன்.

அந்தத் தாளை அப்படியே, கையெழுத்தில்லாமல் நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். பிள்ளைகள் எழுதிய கடிதமும் என் நோட்டும் கூட வரும். ஹால் டிக்கெட் கையில் வரும்வரை அந்த வாசலை விட்டு நாங்கள் நகர மாட்டோம். அதற்குமேல் போக வேண்டுமென்றாலும் போவேன். உன் பெயரை விற்று மட்டும் எதையும் வாங்க மாட்டேன்.

இன்னைக்கு எத்தனை தலை என்று கேட்பாயே. நேற்று எட்டு. ஒன்றுகூடக் கம்மியில்லை.

உன் வீட்டுக்காரன்,
கண்டக்டர் ராஜேந்திரன்