மூட்டை முட்டுக்கொடுத்த கதவு

சுருளிப்பட்டி,
ஞாயிறு.

கயல் அப்பாவுக்கு, நதியா எழுதுவது. நானும் கயலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

போனில் அழைக்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறீர்கள், ஏலக்காய்க் கிட்டங்கியில் தீப்பிடித்தபோது மாடிக் கதவு மூடியிருந்ததா என்று. உங்கள் தங்கை மகாலட்சுமியைப் பற்றி வேறொன்றும் கேட்பதில்லை. கத்தாரில் அதே மாதிரிக் கதவுகளை மாட்டுகிற உங்களுக்கு என்னால் வாய்விட்டுப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கதவு திறந்துதான் இருந்தது.

போன லீவில் நீங்கள் தட்டிப் பார்த்து, நல்ல சாமான் என்று மெச்சிய கதவுதான். தானாக மூடிக்கொள்ளும், தீயையும் புகையையும் வெகுநேரம் தடுக்கும் என்றீர்கள். ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறும் பெண்கள் அதை எந்தக் கையால் தள்ளுவது? காலால் தள்ளினால் திரும்பி வந்து முதுகில் இடிக்கும். அதனால் ஒரு மூட்டையை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைப்பது வழக்கம். கீழே ஒயர் பற்றி எரிந்த புகை அந்த வழியாகத்தான் மேலே ஏறியது. பின்படிப் பக்கம் இருந்தவர்கள் தட்டுத்தடுமாறி அதில் இறங்கிவிட்டோம். மகாலட்சுமி உள்ளே சன்னலோரம் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புகையில் அவளுக்குப் படி தெரியவில்லை. கதவு மட்டும் மூடியிருந்தால் எல்லோருமே நடந்து இறங்கியிருக்கலாம் என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள்.

இப்போது கிட்டங்கியைத் திறந்துவிட்டார்கள். புதுக் கதவு, இன்னும் கனம். அதிகாரிகள் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் வண்டி தெருவைத் தாண்டவில்லை, மறுபடி மூட்டை வந்துவிட்டது. ஆத்திரம் தாங்காமல் கத்திவிட்டேன். சங்கிலியம்மாள் அக்கா, "அவ எனக்கும் மக மாதிரிதான். தலைச்சுமையோட நாங்க வேற என்ன செய்ய ஆத்தா?" என்று அழுதாள். அவளை ஏச எனக்கு மனம் வரவில்லை.

அங்கே ஆஸ்பத்திரிக் கதவுகளைக் காந்தம் பிடித்துத் திறந்தே வைத்திருக்கும், புகை வந்தால் தானே விட்டுவிடும் என்று ஒருமுறை சொன்னீர்களே. அதை மாட்டச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். "ஆபீசருங்களே இது போதும்னுட்டாக, உனக்கென்ன" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் வந்து சொன்னால் கேட்பார். மகாலட்சுமி காரியத்துக்குத்தான் உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. இதற்காவது கேட்டு வாருங்கள்.

அதுவரை கதவை ஒட்டியே உட்கார்ந்து காய் பொறுக்குகிறேன். யாராவது மூட்டையோடு வந்தால் எழுந்து திறந்துவிட்டு, மூடிவிட்டு உட்காருகிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது படியேறும்போதே என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நேற்று ஒருத்தி பழக்கதோஷத்தில் மகாலட்சுமி என்று கூப்பிட்டுவிட்டாள். நான்தான் எழுந்து திறந்துவிட்டேன்.

குச்சனூர்ச் சனீஸ்வரன் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் வாருங்கள். எனக்குக் கால் ஓய்ந்து போகிறது.

உங்கள்
நதியா