நின்றோடி நாய்கள் பிறந்த வரலாறு குறித்துத் துறைநாட்டு அரசிக்கு வரைநாட்டு மன்னன் விடுத்த ஓலை

நலம் சூழ்க. மழை பொய்யாது பெய்க.

கடல் கால் தொடும் துறைநாட்டின் தலைவியும், புன்னைமாநகர் அரியணையின் விளக்கும், முத்தும் சங்கும் விளையும் மணற்கரைகளின் காவலும் ஆகிய மாதேவி கானற்கோதையார் திருமுன்பு, வேங்கை பூக்கும் குன்றுகளுக்கும் வரகு விளையும் சரிவுகளுக்கும் உரிய வரைநாட்டு மன்னன் அரிமாக்கோ வணக்கத்தோடு விடுக்கும் ஓலை இது. தங்கள் கலங்கள் காற்றுத் தப்பாமல் கரை சேர்க. தங்கள் உப்பளங்கள் வெயில் குறையாமல் விளைக. இங்கு யாமும் எம் குடிகளும் நலம். அந்நலத்தில் தாங்கள் அனுப்பிய ஒரு நாய்க்கும் பங்குண்டு என்பதைச் சொல்லவே இவ்வோலை எழுதப்படுகிறது.

இரு நாடுகளுக்கும் இடையே சமாதானம் எழுதிய நாளில், நட்பின் அடையாளமாகத் தங்கள் நாய்க்கூடத்துப் பெண்நாய் பதுமையைத் தாங்கள் எமக்கு அளித்தீர்கள். இரையின் மோப்பம் பட்ட இடத்தில் ஒரு முன்காலைத் தூக்கி, வால் விறைத்து, செதுக்கி வைத்தாற்போல் நிற்கும் நிலைநாயை எம் மலைநாட்டார் அதுவரை கண்டதில்லை. அதனைப் பேணத் தங்கள் கூடத்துத் தலைவி கடம்பியும் உடன் வந்தாள். பதுமையின் வழி வேற்று இரத்தம் கலவாமல் காக்கப்படும் என்று யாமும் கையெழுத்திட்டு உறுதி தந்தோம்.

அவ்வுறுதியைக் காக்கும் பொறுப்பை எம் வேட்டைத்தலைவர், ஏனாதிப் பட்டம் பெற்ற நெடுங்கோவனிடம் ஒப்படைத்தோம். அவரைத் தாங்கள் அறியமாட்டீர்கள். ஐம்பதை நெருங்கிய ஆண்மகன். மனைவியை இழந்து நெடுங்காலம் ஆனவர். மீசைக்கும் விரைநாய்களுக்கும் எண்ணெய் தடவுவதில் ஒருநாளும் தவறாதவர். விரைநாய் என்பது எம் மண்ணின் நாய். ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் கூர்த்த முகமும் கொண்டு, கண்ணால் கண்டதைக் காற்றாய்த் துரத்துவது. அவற்றின் தாய்வழி தந்தைவழி முழுவதையும் நெடுங்கோவன் மனப்பாடமாக ஒப்பிப்பார். தம் பாட்டனார் பெயரைக் கேட்டால் மட்டும் சற்று யோசிப்பார்.

இத்தகையவர் காவலில் இருந்தபோதுதான் அது நிகழ்ந்தது. அவருடைய விரைநாய்களில் தலைசிறந்த சூறை, ஆளுயர வேலியைத் தாண்டிப் பதுமையின் கொட்டிலுக்குள் போய்விட்டது. உரிய காலத்தில் பதுமை ஆறு குட்டிகளை ஈன்றது.

குட்டிகளைக் கண்டு நெடுங்கோவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தாயின் அகன்ற மூக்கு, தந்தையின் கொக்குக்கால், மடிவதா நிமிர்வதா என்று முடிவு செய்யாத காதுகள். உம் நாய் என் நாயின் வழியைக் கெடுத்துவிட்டது என்று அவர் கடம்பியின்மேல் பாய்ந்தார். கடம்பி தங்கள் அரண்மனையில் எப்படிப் பேசுவாளோ, யாம் அறியோம். இங்கே அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “உங்க வீட்டு ஓட்டக்காரன்தான் வேலி தாண்டி வந்தான். எம் புள்ளை தாண்டிப் போகலை. கேக்கிறதுன்னா அவனைக் கேளுங்க” என்றாள்.

கேட்கும் நிலையில் சூறை இல்லை. அது வெயிலில் மல்லாந்து உறங்கிக்கொண்டிருந்தது.

நெடுங்கோவன் எம்மிடம் வந்து பதவி விலக முன்வந்தார். யாம் ஏற்கவில்லை. தங்கள் சினத்துக்கு அஞ்சி அவர் குட்டிகளை உப்பு வணிகர்களிடம் தந்து தொலைதேசம் அனுப்ப எண்ணினார். “இந்த இரண்டுங்கெட்டான்கள் என் கூடத்தில் இருக்கலாகாது” என்பது அவர் சொல். அதற்குக் கடம்பி, “தாராளமா அனுப்புங்க. கூடவே என்னையும் வண்டியில ஏத்திவிடுங்க” என்று கூறிவிட்டுக் குட்டிகளுக்குக் கஞ்சி ஊற்றப் போய்விட்டாள். வண்டியும் போகவில்லை, குட்டிகளும் போகவில்லை. கூடத்தின் பின்கட்டில் அவை வளர்ந்தன. அந்தப் பக்கம் முகம் திருப்புவதில்லை என்று அவர் உறுதி பூண்டார்.

அவ்வுறுதி ஒரு காலைப்பொழுதில் தளர்ந்தது. அறுத்த சாமைக்கொல்லை வழியே அவர் தனியே வந்துகொண்டிருந்தபோது, கடம்பி குட்டிகளை உலவவிட்டிருந்தாள். வரிவரியாய் உடம்பு கொண்ட பெண்குட்டி ஒன்று, வரியாள் என்பது அதன் பெயர், ஓடிவந்த வேகத்தில் சட்டென நின்றது. கால் தூக்கியது. வால் விறைத்தது. பத்து முழத் தொலைவில் கிடந்த தாளடியில் எதுவும் தெரியவில்லை. கடம்பி நாவால் ஓர் ஒலி எழுப்பியதும் முயல் ஒன்று துள்ளி எழுந்தது. எழுந்த முயல் நிலம் தொடுமுன் வரியாள் அதன்மேல் இருந்தது. இதை நெடுங்கோவன் பின்னாளில்தான் எம்மிடம் கூறினார். அன்று வேறு வழியாகச் சுற்றி வீடு சேர்ந்தார்.

இனி நாணற்படுகையின் செய்தி. மணியாற்றின் இரு கரையிலும் கிடக்கும் அவ்வூரில் தங்கள் குடிகளும் எம் குடிகளும் கலந்து வாழ்வதைத் தாங்கள் அறிவீர்கள். சமாதானத்துக்குப்பின் முதலில் உழப்பட்ட நிலம் அது. சென்ற ஆண்டு முதலே காட்டுப்பன்றிகள் அங்கே நாணற்காட்டில் குடியேறி, தினையையும் வள்ளிக்கிழங்கையும் அடியோடு கிளறிப் போட்டன. மந்தையின் தலைவன் ஒற்றைக்கொம்பன், கன்றுக்குட்டி அளவு பெருத்த கிழட்டு ஆண்பன்றி. அதன் கொம்பு இருவரைக் கிழித்துப் படுக்கையில் தள்ளியது. விதைத்ததெல்லாம் போனபின் ஊரார் வண்டி கட்டத் தொடங்கினர். அவ்வூர் கலைந்தால் ஆற்றங்கரை மீண்டும் பாழாகும். பாழ்நிலத்தில் பழம்பகை முளைக்க நாளாகாது. ஆகவே பன்றிகளை ஒழித்து ஊரைக் காக்குமாறு நெடுங்கோவனுக்கு ஆணையிட்டோம்.

அவர் தம் விரைநாய்கள் அனைத்தோடும் புறப்பட்டார். ஊரின் பெரியவள் காராயி, வண்டியில் உரலை ஏற்றிக்கொண்டிருந்தவள், அவற்றின் அழகைக் கண்டு கைவேலையை நிறுத்தினாளாம். ஆயின் ஆளுயர நாணலுக்குள் கண்ணை நம்பும் நாய் என்ன செய்யும்? பன்றிகள் உள்ளே படுத்துக் கிடந்தன. நாய்கள் வெளியே நின்று ஒன்றையொன்று பார்த்தன. முடிவில் ஒரு முயல் வயலில் ஓட, அத்தனை நாய்களும் அதன்பின் பறந்து அடுத்த ஊர் சென்று சேர்ந்தன. அவற்றை மறிக்க ஓடிய ஏனாதி சேற்றில் முழங்கால்வரை புதைந்து தலைப்பாகையை இழந்தார். காராயி அதை எடுத்துப் பிழிந்து கொடுத்து, “சாமி, உங்க நாய் ஓடுற அழகுக்குக் கண்ணே பட்டுடும். பன்னிதான் படலை” என்றாள்.

மறுநாள் பதுமையை அழைத்துச் சென்றார். கடம்பி வாரைப் பிடித்து வந்தாள். பதுமை காற்றை எதிர்கொண்டு மூக்கை உயர்த்தி, நாணலின் ஓரமாகவே நடந்து, பன்றி படுத்த இடத்தைத் தப்பாமல் நின்று காட்டியது. விரைநாய்களை வார் அவிழ்த்து உள்ளே விடுவதற்குள் நாணல் சலசலத்தது. பன்றிகள் மறுபக்கம் வெளியேறி மேட்டுக்கு ஏறிவிட்டன. கண்டு துரத்தும் விரைநாய்கள் பின்தங்கி நின்றன. அருகில் நின்ற பதுமையால் அவ்வளவு விரைந்து ஓட இயலவில்லை. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செவ்வனே செய்தது. பன்றிகள் இரண்டுக்கும் இடையே புகுந்து போயின.

ஊரார் வண்டிகளுக்குத் திரும்பினர். காராயி மாட்டின் நுகத்தடியைத் தூக்கினாள்.

அதன்பின் நெடுங்கோவன் செய்ததை உடனிருந்தோர் இவ்வாறு கூறுகின்றனர். அவரைச் சூழ்ந்து நின்றவர், வேட்டை காண வந்திருந்த எம் நாட்டுப் பெருந்தலைவர்கள். கலப்பு நாயைக் கல்லால் அடி என்று அவர் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள். அவர் கடம்பியின் பக்கம் திரும்பினார்.

“கடம்பி, குட்டிகளைக் கொண்டு வா” என்றார்.

“யாரு குட்டிங்களை?” என்றாள் கடம்பி. அவள் குரலில் கேலி இல்லையாம். உண்மையாகவே விடை வேண்டி நின்றாளாம்.

அவர் தலைவர்களைப் பார்த்தார். சேறு காய்ந்த தம் கால்களைப் பார்த்தார். பிறகு எல்லாரும் கேட்க, “நம்ம குட்டிங்களை” என்றார்.

கடம்பி குட்டிகளைக் கொண்டுவர ஓடினாள். காராயி நுகத்தடியைக் கீழே வைத்து, “இன்னும் ஒரு பகல் பாக்கலாம்” என்று தன் மகன்களிடம் கூறினாள்.

மறுநாட்காலை, பனி விலகியதும், குட்டிப்பருவம் கடந்து முழுதாய் வளர்ந்த அறுவரும் நாணலை நோக்கி நடந்தனர். அறுவர் என்றே எழுதுகிறோம். அவற்றை இனி அது என்று எழுத எமக்குக் கை வரவில்லை. ஆற்றுப்பக்கத்தில் வலை கட்டப்பட்டது. தாயின் நடையில் காற்றைத் தேடியவர்கள் ஒருவர்பின் ஒருவராக நின்றுபோயினர். வரியாள் தூக்கிய கால் அசையவில்லை. கண் மட்டும் கடம்பியைத் தேடியது. கடம்பி நெடுங்கோவனைப் பார்த்தாள். ஆணை தருவது அவர் உரிமை. அவர் தலையசைத்து, “நீயே சொல்லு” என்றார்.

அவள் நாவொலி எழுப்பினாள்.

மூக்கு தொட்ட இடத்திலிருந்தே கால் புறப்பட்டது. நாணல் பிளந்தது. மந்தை மேட்டை எண்ணித் திரும்புமுன் இருவர் மேட்டை மறித்தனர். மூவர் பின்னின்று நெருக்கினர். பன்றிகள் ஆற்றுப்பக்கம் பாய்ந்து, பாதி வலையில் விழுந்தன, மீதி மணியாற்றை நீந்திப் பெருங்காட்டுக்குள் மறைந்தன. ஒற்றைக்கொம்பன் மட்டும் திரும்பியது. கடம்பி நின்ற பக்கம் அது வந்தது.

நெடுங்கோவன் ஈட்டியோடு குறுக்கே விழுந்தார். முதல் குத்து பன்றியின் தோளெலும்பில் பட்டு வழுக்கியது. கொம்பு அவர் தொடையை நோக்கி எழுந்தபோது வரியாள் அதன் காதைக் கவ்வித் தொங்கினாள். கொம்பன் சுழன்றது, அவளும் சுழன்றாள், விடவில்லை. அந்தச் சுழற்சியில் விலா திறந்தது. இரண்டாம் குத்து வழுக்கவில்லை.

கூச்சல் அடங்கியபின் ஏனாதி செய்த முதற்காரியம், வரியாளின் உடம்பு முழுவதையும் தடவிப் பார்த்தது. விலாவில் ஒரு கீறல் மட்டுமே. இன்று தழும்பும் மறைந்துவிட்டது. அடுத்து, அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணீரும் சிரிப்புமாக, எண்ணெய் கலைந்த மீசையோடு, ஊரை நோக்கி நடந்தார். வண்டிகளிலிருந்து உரலும் பானையும் இறங்கும் ஓசையே அன்று அவ்வூரின் முரசொலியாயிற்று. விருந்தில் தங்கள் குடியும் எம் குடியும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். நின்று காட்டி ஓடிப் பிடிப்பதால் ஊரார் அவர்களுக்கு நின்றோடி என்று பெயரிட்டனர். இரு கரையிலிருந்தும் எத்தனை பேர் குட்டி கேட்டுக் காத்திருக்கின்றனர் என்பதைச் சொன்னால் தாங்கள் நகைப்பீர்கள்.

மாதேவியீர், எம் உறுதி வேலி தாண்டிய ஒரு நாயால் முறிந்தது. அதற்கு யாம் பொறுப்பேற்கிறோம். தங்கள் நிலைநாய் வழியும் எம் விரைநாய் வழியும் தத்தம் கூடத்தில் தூயவையாகவே தொடரும். நின்றோடிகள் இரு நாட்டுக்கும் பொதுவாகுக. அவர்களை இரண்டுங்கெட்டான் என்று அழைப்பார் எம் நாட்டில் வாய்ப்பூட்டுப் பெறுவர் என முரசறைந்துள்ளோம். அந்த முரசைத் தாமே அறைவதாகக் கேட்டு வாங்கிச் சென்றவர் நெடுங்கோவன்.

இவ்வோலையோடு இரு நின்றோடிகள் தங்கள் திருவடி சேர்கின்றனர். அவர்களைக் கொண்டுவர யார் முன்வருவர் என்று அவையில் கேட்டபோது, யாம் வினவி முடிக்குமுன் நெடுங்கோவன் எழுந்தார். மலைச்சரிவை விட்டு ஒருநாளும் இறங்காதவர் கடல் பார்க்க விரும்புவதாகக் கூறினார். எம் அரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏனெனில் கடம்பியின் மனத்தை எம் அரசி முன்பே கேட்டறிந்திருந்தாள். “கேட்டா சொல்றேன். கேக்காத மனுசனுக்கு என்ன பதிலு? அதுவும் எங்க அரசி வாக்கு இல்லாம நான் எதுக்கும் தலையாட்ட மாட்டேன்” என்பது கடம்பியின் மறுமொழி. கூறும்போது முகம் சிவந்ததாம். கடம்பியை மணக்கத் தங்கள் வாக்கு வேண்டும் என்பதை அறிந்தே அவர் புறப்பட்டிருக்கிறார். ஆனால் வாய் திறந்து கேட்பார் என்று எமக்கு நம்பிக்கை இல்லை. நாய்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒற்றைக்கொம்பனுக்குக் குறுக்கே விழுந்தவர் இதற்கு அஞ்சுகிறார்.

இப்போது தங்கள் முன் நிற்பவர் அவரே. இவ்வோலையில் என்ன உள்ளது என்பதை அவர் அறியார். குட்டிகளின் வரலாறு என்று எண்ணியிருப்பார். எனவே தங்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்று: இந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து, புன்னகையோடு, ஏதும் பேசாமல் அவரையே நோக்குங்கள்.

ஏனாதி நெடுங்கோவனுக்கு எம் ஆணை ஒன்று. அவரை நோக்கியபின் அதனைத் தாங்களே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்:

நாய்களைப் பற்றிப் பேசாதீர். கேளும்.

வேங்கைமலர் இலச்சினை இட்டு, வரைநாட்டு மன்னன் அரிமாக்கோ, தன் கையால்.