ஆதமுக்கு ஒரு டப்பா

குளுவாங்
7 ஜூலை 2025

அன்புள்ள மஹ்மூதா டீச்சர்,

வணக்கம். நான் லோஷினியின் அம்மா கஸ்தூரி. தொழிற்சாலையில் வேலை முடியும்வரை கைப்பேசியைப் பூட்டி வைத்துவிடுவார்கள். அதனால்தான் இவள் பையில் கடிதம் வைக்கிறேன்.

ஐந்து வயதாகியும் வெறும் சோற்றைத் தொடமாட்டாள். கரடியாகப் பிடித்து, கடற்பாசித் தாளில் கண் வெட்டி, கேரட்டில் பூ செய்து பெந்தோ என்கிற ஜப்பான் மாதிரிச் சாப்பாட்டு டப்பாவில் வைத்தால்தான் வாய் திறக்கிறாள். போன வாரம் முழுக்க டப்பா காலியாக வந்தது. நிஜமாகவே சாப்பிடுகிறாளா, எங்காவது கொட்டிவிடுகிறாளா? சிரமம் பார்க்காமல் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
கஸ்தூரி


8 ஜூலை 2025

அன்புள்ள லோஷினி அம்மா,

ஒரு பருக்கை மிச்சமில்லை! அவள் டப்பாவைத் திறந்தால் மொத்த வகுப்பும் அந்த மேசையில்தான். நேற்று வைத்த ஆமையைப் பார்த்து, "அலமாக், இதக் கடிக்க மனசு வருமா லா!" என்று நானே சொல்லிவிட்டேன்.

என் மகன் ஆதமும் இதே வகுப்பில்தான் இருக்கிறான். தினமும் பிஸ்கட்டும் ஆப்பிளும்தான் கொண்டுவருவான். இப்போது வீட்டில் ஒரே அழுகை: "உம்மா, லோஷினி கரடி எனக்கும் வேணும்." எனக்கு ஒழுங்காக உருண்டை பிடிக்கவே வரவில்லை. அவனை என்ன சொல்லி ஏமாற்றுவது?

அன்புடன்,
மஹ்மூதா


10 ஜூலை 2025, காலை

அன்புள்ள டீச்சர்,

பிள்ளையை ஏன் ஏமாற்ற வேண்டும்? பச்சை டப்பா ஆதமுக்கு. உள்ளே பூனை இருக்கிறது. கோழி ஹலால் கடையில் வாங்கியது, டப்பாவும் புதிது. காது விழுந்துகொண்டே இருந்ததால் கொஞ்சம் பீனட் பட்டர், அதுதான் கடலை வெண்ணெய், தடவி ஒட்டியிருக்கிறேன். அவனுக்கு ஆகாதது ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பேருந்து வந்துவிட்டது.

கஸ்தூரி


11 ஜூலை 2025

அன்புள்ள டீச்சர்,

ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

நேற்று வேலை முடிந்து கைப்பேசியை எடுத்தால், பள்ளி நிர்வாகியிடமிருந்து ஒன்பது அழைப்புகள். ஆதமுக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சு நின்றுவிடும்போல் ஆகி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்களாம். "யாரையும் கேக்காம கடலைய எப்படிக் குடுத்து விட்டீங்க?" என்று கத்தினார். கடிதத்தில் எழுதியிருந்தேனே என்றேன். "கடிதமே வரலன்னு டீச்சர் சொல்றாங்க" என்றார். திங்கட்கிழமையிலிருந்து லோஷினியை அனுப்ப வேண்டாமாம்.

கடிதம் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். உங்கள் கையில் கொடுக்கச் சொல்லித்தான் அனுப்பினேன். அவளைக் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள்.

வார்டு வாசல்வரை வந்தேன். உள்ளே வரத் தைரியம் இல்லை. தாதியிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆதம் கண் திறந்தானா? அதை மட்டும் சொல்லுங்கள். என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை.

கஸ்தூரி


14 ஜூலை 2025

கஸ்தூரி,

ஆதம் பிழைத்துவிட்டான். அல்லாஹ்வின் கருணை. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

உங்கள் கடிதம் எங்கும் விழவில்லை. லோஷினி அதை என் கையில்தான் கொடுத்தாள். பிறகு படிக்கலாம் என்று சட்டைப்பையில் வைத்தேன். ஆதம் பூனைக் காதைக் கடித்துச் சிரித்தபோது படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது, "உம்மா, தொண்ட அரிக்குது" என்றான். ஆம்புலன்ஸில்தான் கடிதத்தைப் பிரித்தேன்.

அவனுக்குக் கடலை ஆகாது என்று எனக்கு முன்பே தெரியும். அதற்காகவே இரண்டு பாலர் பள்ளிகள் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இங்கே சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமை பற்றிக் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டேன். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன். உங்களிடமும் சொல்லவில்லை. நிர்வாகி கேட்டபோது, வேலையும் போய், அவன் படிப்பும் போய்விடும் என்ற பயத்தில் கடிதம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நான்கு நாள் உங்களைக் குற்றவாளியாக நிற்க வைத்தேன்.

இன்று காலை போய்க் கடிதத்தைக் காட்டினேன். வேலையை விட்டுவிட்டேன். லோஷினி நாளை முதல் போகலாம்.

மன்னிப்பு கேட்க எனக்கு வாயில்லை. என் கணவர் ரபீக் இதைக் கொண்டுவருகிறார்.

மஹ்மூதா


14 ஜூலை 2025, மாலை

டீச்சர்,

உங்கள் கணவர் வாசலில் நிற்கிறார். உள்ளே கூப்பிட்டேன், வரமாட்டேன் என்கிறார்.

இரண்டு தடவை படித்தேன். இந்த நான்கு நாளில் நான் கத்தியைத் தொடவில்லை, அடுப்பு பற்ற வைக்கவில்லை. ஒரு பிள்ளையை என் கையாலேயே கொல்லப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கடிதம் அப்போது உங்கள் பையில் இருந்திருக்கிறது. நீங்கள் வேலையை விட்டதைப் படித்ததும் ஐயோ என்று தோன்ற வேண்டும், தோன்றவில்லை. உங்களை நேரில் பார்த்தால் பேச்சு வருமா என்றும் தெரியவில்லை.

ஆனால் லோஷினி நேற்று கேட்டாள்: "அம்மா, ஆதம் செத்துட்டானா? யாரும் எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கிறீங்க." அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்று இப்போது சொன்னேன். நம்பவில்லை. கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வருகிறேன். வெறுங்கையோடு பிள்ளையைப் பார்க்க வர எனக்குத் தெரியாது, ஏதாவது செய்துதான் கொண்டுவருவேன். அவனுக்கு ஆகாதது என்னென்ன என்று எழுதி அனுப்புங்கள். இந்தத் தடவை ஒன்றுகூட விடாமல் எழுதுங்கள்.

கஸ்தூரி