உச்சியில் காய்த்த ஏலக்காய்

என் பிரியமுள்ள மச்சான் மாரிச்சாமிக்கு,

நீ போய் இரண்டு ஏலக்காய்ப் பருவங்கள் முடிந்துவிட்டன. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லத் துணியாததை இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். அச்சில் வந்துவிட்டால் நான் பின்வாங்க முடியாது அல்லவா?

நம் ஞாயிற்றுக்கிழமை நடையை நான் விடவில்லை. கல்லூரி வாசலில் நீ செய்த புத்தகம் ஏந்திய கை, கண்மாய் மதகில் இருக்கும் மயில், போடிமெட்டுச் சாலையின் முதல் வளைவில் யாரோ வரைந்த யானை என்று ஊரில் உள்ள ஒவ்வொன்றுக்கும் என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. எங்கே விரிசல், எங்கே சாயம் போயிருக்கிறது என்று குறித்துவைக்கிறேன். "மாப்ளே, செலைக்கெல்லாம் ஆஜர் எடுக்குறியா?" என்று நீ சிரிப்பாயே, அதே நோட்டுதான்.

கடைசிப் பக்கம், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு நிற்கும் இடத்துச் சுவருக்கு. நீ சிமெண்டில் செய்த ஏலக்காய் பறிக்கும் பெண்கள். அதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கும். முதலில் களிமண்ணில் மாதிரி செய்து என்னிடம்தானே காட்டினாய்? பெண்கள் நிமிர்ந்து நின்று, செடியின் உச்சியில் தொங்கும் காயைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஏலம் செடியின் அடித்தூரில்தான் காய்க்கும். தரையோடு ஓடும் சரத்தில் உட்கார்ந்துதான் பறிக்க வேண்டும். மதுரையிலிருந்து வந்த உனக்கு அது தெரியாது. கல்லூரியில் தாவரவியல் நடத்திய எனக்குத் தெரியும். "சரியா இருக்கா மாப்ளே?" என்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் அந்த உச்சிக் காய்களில் ஒன்றைக் காணவில்லை. மறுநாள் இன்னொன்று. நாற்பத்தொன்று இருந்த இடத்தில் இருபது ஆனது. தானாக உதிர்ந்ததுபோல் இல்லை. யாரோ பக்குவமாகச் செதுக்கி எடுத்திருந்தார்கள்.

எனக்குச் சந்தேகம் சுவருக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் மேல். அந்தச் சுவர் வெறுமையாகிவிட்டால் தன் கடைப் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறாரோ? ஒருநாள் அவர் கையில் சுத்தியல் இருந்தது. விறகுப் பெட்டிக்கு ஆணி அடிக்க என்றார். நான் நம்பவில்லை. நகராட்சிக்குப் பெயர் போடாமல் ஒரு மனு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தபாலில் போடத்தான் தைரியம் வரவில்லை. ஏழு நாள் காலையில் அவர் கடையிலேயே உட்கார்ந்து, அவர் டீயையே குடித்துக்கொண்டு அவரைக் கண்காணித்தேன்.

எட்டாம் நாள் ஜீப்புக்குக் காத்திருந்த தோட்டத்துப் பெண்களில் ஒருத்தி, பேச்சியம்மாள், என்னிடம் வந்தாள்.

"என்ன சார், தெனமும் செவத்தையே மொறைச்சுக்கிட்டு இருக்கீக? பொண்ணு பாக்க வந்தாப்ல இருக்கு."

மற்றவர்கள் சிரித்தார்கள். காய் குறைகிறது என்று முணுமுணுத்தேன்.

"கொறையல சார். எடம் மாறுது. நாந்தான் சாயங்காலம் ஜீப்பை விட்டு எறங்குனதும் ஒண்ணு ரெண்டா மாத்துறேன். குனிஞ்சு பாருங்க."

அவர்கள் பைகளை அடுக்கியிருந்த இடத்தில், சேறு தெறித்த சுவரின் அடியில், செடியின் தூரிலிருந்து ஒரு சரம் ஓடியிருந்தது. அதில் புதுச் சிமெண்டில் ஒவ்வொன்றாய்க் காய்கள். இத்தனை நாளும் மேலேயே எண்ணிக்கொண்டிருந்தேன் மச்சான். ஏலம் எங்கே காய்க்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் குனிந்து பார்க்கவில்லை.

"நீ ஏம்மா இதைச் செய்யுற?" என்றேன்.

"மாரிச்சாமி அண்ணே சொன்னதுதான். உச்சியில காய்ச்சா எங்க இடுப்பு ஏன்ணே ஒடியுதுன்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்ப மாத்துங்கன்னேன். அதுக்கு அவரு, இப்ப வேணாம் ஆத்தா, எங்க மாப்ளே பாத்து சரின்னு சொன்னது, அவரு மொகம் சுண்டிப்போகும், நான் போனப்புறம் ஒண்ணொண்ணா மாத்து, அவருக்குத் தெரியாதுன்னாரு." என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். "நீங்க எண்ணுவீகன்னு அவரு சொல்லலையே."

அப்படியானால் அது தப்பென்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை ஞாயிறு அந்தச் சுவரைக் கடந்து என்னோடு நடந்தாய்? ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? உன் மனம் நோகக் கூடாது என்று நானும், என் மனம் நோகக் கூடாது என்று நீயும் ஊரார் பார்க்க ஒரு தப்பைச் சுவரில் விட்டுவைத்தோமே. அல்லது, என் பயத்துக்கு நானாகவே நல்ல பெயர் சூட்டுகிறேனோ? அந்தச் சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை.

மனுவைக் கிழித்து டீக்கடை அடுப்பில் போட்டேன். "என்ன சார் அது?" என்று கேட்டார் கடைக்காரர். உங்கள் மேல் எழுதியது என்று சொல்லிவிட்டேன். என் காலி டம்ளரை எடுத்துக் கழுவினார். "இன்னொரு டீ போடவா?" என்றார். அந்த டீயைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மேலே இன்னும் ஏழு காய்கள் இருக்கின்றன. "மிச்சத்தை நீங்க ஒட்டுங்க சார், எனக்குச் சோலி கெடக்கு" என்று உளியையும் சிமெண்டு குழைக்கும் சிரட்டையையும் என் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சியம்மாள் ஜீப்பில் ஏறினாள். நாளைக் காலையில் போகிறேன். எல்லோரும் பார்க்கத் தரையில் உட்கார்ந்துதான் ஒட்டுவேன். யாராவது கேட்டால், இந்தத் தப்பு தெரிந்தே என் வாயிலிருந்து வந்தது என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வாயால் மட்டுமே மாப்ளே ஆன,
பரமசிவம்