பண்டிகைக்கு விற்ற கடை

மெனாஷே,

காஸாவிலிருந்து எழுதுகிறேன்.

பஸ்கா பண்டிகையில் புளித்த மாவு யூதன் கையில் இருக்கக் கூடாது என்று, வருடாவருடம் போல இந்த முறையும் ரொட்டிக்கடையை மாவோடு எனக்கு விற்றுச் சாவி தந்தாய். பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

"நாட்டை யூதருக்கும் அரபிகளுக்கும் பாதியாப் பிரிக்க நீங்க ஒத்துக்கிட்டிருந்தா சண்டையே இல்லடா" என்றாய்.

"என் வீட்டுல எனக்கே பாதி குடுக்க நீ யாருடா?" என்றேன். இருவரும் சிரிக்கவில்லை. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டேன்.

பண்டிகை நடுவிலேயே சண்டை யாஃபாவில் நம் தெருவுக்கு வந்தது. முதலில் எங்கள் ஆட்கள் கடையைக் கொளுத்த வந்தார்கள். என் தம்பி நாஸிஃப் வாசலை மறித்தான். "யூதன் கடைக்கு நீ காவலாடா?" என்று துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தார்கள். பல்லைத் துப்பிவிட்டு, "இந்த வாரம் இது எங்க கடை" என்றான். காறி உமிழ்ந்துவிட்டுப் போனார்கள்.

மதியம் உங்கள் பையன்கள் பக்கத்துச் சுவருக்கு வெடிவைத்து உள்ளே வந்தார்கள். நான் அடுப்புக்குப் பின்னால் கிடந்தேன்.

"யூதன் கடையில உனக்கென்னடா வேலை, திருட்டு நாயே?"

தம்பி அதே பதிலைத்தான் சொல்ல ஆரம்பித்தான். முடிக்கவிடாமல் சுட்டார்கள். மாவு மூட்டைமேல் சரிந்தான். கொட்டிய மாவெல்லாம் அவன் ரத்தத்தில் பிசைந்த மாவாயிற்று. ஊரைவிட்டே தப்பி ஓடியபோது அவனைத் தூக்கி வரக்கூட முடியவில்லை.

இப்போது நீ மறுபடி ரொட்டி சுடுகிறாயாம். ஆனால் கடையைத் திரும்ப வாங்க நீ என்னிடம் வரவேயில்லை. உன் வேதப்படி அது இன்னும் என்னுடையது.

தரையைக் கழுவியிருப்பாய். யாரைக் கேட்டுக் கழுவினாய்?

இப்படிக்கு,
உன் கடையின் சொந்தக்காரன்