காரின் வலப்பக்கம் என்னுடையது

வாப்பா,

சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை நம் ஷார்ஜா ஃப்ளாட்டின் வாஷிங் மெஷினுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நைலான் வாஷர் கண்டெடுக்கப்பட்டது. வாஷருக்குள்ளேயே வாஷர்! இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

உங்கள் நீல ஓவராலின் பையிலிருந்து விழுந்தது அது. அந்த ஓவராலை இப்போது போட்டுக்கொள்வது உங்கள் மூத்த மகள், என் லாத்தா. என் வயிறு எரிய அது ஒன்றே போதும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நேரே உங்கள் பழைய காரிடம் போய்விடுவீர்கள். கதவோரம் ஓடும் அலுமினியப் பட்டையின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, வாஷர் கோத்து, கிரீஸ் தொட்டு, திரும்ப முடுக்குவீர்கள். "கடல் காத்துல உப்புடா. ரெண்டு உலோகம் நேரா ஒட்டுனா ஒண்ணை ஒண்ணு தின்னுரும். நடுவுல மெத்தை வேணும்."

நான் என்ன செய்தேன்? கிரீஸ் டப்பாவில் மயோனைஸை நிரப்பி வைத்தேன். விரலை முகர்ந்துவிட்டு, "ஸ்க்ரூவுக்கு ஷவர்மாவாடா?" என்று சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை லாத்தா கையில் கொடுத்தீர்கள். அப்புறம் அது என் கைக்கு வரவே இல்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு, "காரை அவளே பாத்துக்கட்டும்" என்றார் உம்மா. நான் விடுவேனா? சண்டை போட்டுக் காரை நடுவில் பிரித்தோம். டிரைவர் உட்காரும் இடப்பக்கம் அவளுக்கு, வலப்பக்கம் எனக்கு. கோடை முடிந்ததும் உம்மா பார்ப்பார். யார் பக்கம் நன்றாக இருக்கிறதோ அவருக்கே முழுக் காரின் பொறுப்பும்.

துபாய் அல் கூஸ் கடையில் பளபள ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்கினேன். துருவே பிடிக்காத ஸ்க்ரூவுக்கு எதற்கு மெத்தை, தலையணை? அப்படியே முடுக்கினேன். "உன் பக்கம் கிழவன், என் பக்கம் மாப்பிள்ளை" என்றேன்.

"பாப்போம்டா, மாப்பிள்ளை."

கோடைப் புழுக்கத்தில் ஸ்க்ரூ மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சுற்றி அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாகப் பூத்தது. துடைத்தேன், மறுபடி பூத்தது. தோற்றேன் என்றே நினைத்தேன். ஆனால் உம்மா வந்து பார்த்த அன்று பொடியைக் காணோம். "மாஷா அல்லா, ரெண்டு பக்கமும் நல்லாருக்கே. இப்படியே பாதிப் பாதியா பாருங்க." என் கைராசி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

இன்று அந்த வாஷரைப் பார்த்ததும், அன்று மாயமான பொடி நினைவுக்கு வர, பார்க்கிங்குக்கு ஓடி என் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினேன். அடியில் வாஷர், கிரீஸ். அடுத்ததிலும் அதேதான்.

மேலே வந்து லாத்தாவைக் கேட்டேன். போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "வீட்ல மயோனைஸ் தீர்ந்துபோச்சு. அதான் வாஷர் போட்டேன்."

ஓவராலை எடுத்தாள், சரி. உங்கள் கிண்டலையும் எடுத்துக்கொண்டாளே, வாப்பா! சும்மா இருந்திருந்தால் முழுக் காரும் அவளுக்கு வந்திருக்கும். இப்படி ஜெயிக்காமல் ஜெயித்தால் நான் எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது?

உம்மா இன்னும் என் கைராசியைத்தான் புகழ்கிறார். நானும் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். வாஷர் என் சட்டைப்பையில் இருக்கிறது. லாத்தா கேட்டாலும் தரமாட்டேன்.