மேடைக்கு வடக்கே ஒரு பனிப்பாறை

ஏப்ரல் 9
காலை முறை. மூடுபனி. நடுக்கடல் எண்ணெய் மேடைக்கு வடக்கே ரேடாரில் புதிதாக ஒரு புள்ளி. படகாக இருந்தால் கூப்பிட்டதற்குப் பதில் வந்திருக்கும். பனிப்பாறைதான். மேடைக்கு ரேடியோவில் தெரிவிப்பது காவல் கப்பலின் இரண்டாம் அதிகாரியான என் வேலை. அங்கே ரேடியோ அறையில் இருப்பவர் என் வீட்டுக்காரர்.

"வடக்கே ஒரு பனிப்பாறை. கவனத்துக்கு."

"சரி. குறிச்சுக்கிட்டேன்."

வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு இது.

ஏப்ரல் 10
அத்தைக்கு, அதாவது அவர் அம்மாவுக்கு, மூட்டுவலி. தனியாக இருக்கிறார். எங்களில் ஒருவர் கரையோடு இருக்க வேண்டும். "யாராவது ஒருத்தர்னா அது நீதானே" என்றார் என் வீட்டுக்காரர். ஏன் நான்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூடுபனி விலகிப் பாறை தெரிந்தது. வெளியே நான்கு மாடி உயரம். தண்ணீருக்குள் இருப்பது அதைவிடப் பல மடங்கு. கப்பல் சமையல்காரர் கேட்டார், "கடல் தண்ணி உறைஞ்சதா மேடம்?" இல்லை என்றேன். நிலத்தில் பெய்த பனிமேல் பனி விழுந்து, ஆயிரக்கணக்கான வருஷம் அமுங்கிக் கட்டியாகி, பனியாறாக நகர்ந்து, கடலோரத்தில் உடைந்து விழுந்த துண்டு. உப்பே இருக்காது.

"அப்ப டீ போடலாம்" என்றார்.

ஏப்ரல் 11
நேராக மேடையைப் பார்த்து வருகிறது.

ஏப்ரல் 12
மேடையை விட்டு விலக்க, மிதக்கும் கயிற்றைப் பாறையைச் சுற்றி வளைத்துப் போட்டு மெதுவாக இழுத்தோம். மதியம் கயிறு வழுக்கியது. பாறை புரண்டது. அடி கரைந்து தலை கனத்திருக்க வேண்டும். எழும்பிய அலையில் டெக்கில் நின்ற கயிற்று மேஸ்திரிக்குத் தோள்மூட்டு நழுவிவிட்டது.

ரேடியோவில் அவர்: "ஆளுக்கு ஏதும் ஆச்சா?"

"ஒருத்தருக்கு அடி."

"யாருக்கு?"

எல்லோரும் கேட்கும் அலைவரிசை. "எனக்கில்ல" என்றேன்.

ஏப்ரல் 13
மேடையில் எண்ணெய்க் கிணறுகளை மூடுகிறார்கள். பாதிப் பேரை ஹெலிகாப்டரில் அனுப்பியாயிற்று. ரேடியோக்காரர் கடைசியில்தான் இறங்குவார்.

என்ன மனுஷி நான்? ஒரு மலை அவரைப் பாத்துப் போயிட்டிருக்கு, நான் இன்னும் மனசுக்குள்ள 'ஏன் நான்'னு வாதாடிக்கிட்டிருக்கேன் —

ஏப்ரல் 14
இந்த முறை வலை போட்டோம். நாள் முழுக்க இழுவை. நிறுத்த முடியாது, கொஞ்சம் திருப்பினால் போதும். "அவசரப்பட்டா அத்துக்கிட்டுப் போயிடும்" என்று கேப்டன் இன்ஜினை ஏற்றவே விடவில்லை. மாலையில் மேடைக்குக் கிழக்கே நகர்ந்து, தெற்கே போனது.

"விலகிடுச்சு" என்றேன்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." பிறகு, விதிமுறையில் இல்லாத ஒன்று: "சாப்பிட்டியா?"

கேப்டன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 15
தூங்கினேன்.

மே 22
மேடை ரேடியோவில் இப்போது வேறு ஆள். என் வீட்டுக்காரர் கரை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாட்டிலைட் படங்களில் பனிப்பாறை தேடும் வேலை. என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. போன பிறகுதான் சொன்னார்.

மாலையில் அத்தை போன் செய்தார். "நான் எழுந்தா கூடவே எழுந்துக்கிறான். உட்கார்ந்தா தலகாணி தூக்கிட்டு வர்றான். நிம்மதியா டீவி பாக்க முடியல. நீ ஒரு வாரம் லீவு போட்டு வந்து இவனை எங்கேயாவது கூட்டிட்டுப் போம்மா."

லீவுக்குச் சொல்லிவிட்டேன்.